தீபாவளிச் சீட்டு இடுப்புக்கும் வேண்டும்!

தீபாவளிக்கு முந்திய வாரம் சேலம் அஸ்தம்பட்டி ரவுண்டானா பக்கம் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள்.

பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் கையில் எல்லாம் பை. ஒரு கையில் சின்னக் கடை வீதியில் வாங்கிய துணிப் பை. மறு கையில் செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய மளிகைப் பை. போதாக்குறைக்கு இடுப்பில் குழந்தை.

முகத்தில் மகிழ்ச்சி இருக்கிறது. ஆனால் முதுகு வளைந்து இருக்கிறது!

பண்டிகை வீட்டில் உள்ள எல்லோருக்கும் வருகிறது. அதன் பாரம் மட்டும் ஒருவர் முதுகில் ஏறுகிறது. பெரும்பாலும் அது அம்மாவின் முதுகு.

பரணில் இருந்து பாத்திரம் இறக்குவது அவர். வீடு கழுவுவது அவர். தரையில் உட்கார்ந்து முறுக்குப் பிழிவது அவர். அடுப்பு முன்னால் நின்று அதிரசம் சுடுவது அவர். வந்தவர்களுக்குப் பாய் விரிப்பதும் அவரே.

தீபாவளி அன்று காலையில் எல்லோரும் எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுத் துணி உடுத்துகிறார்கள். அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து இருக்கிறார்!

ஏன் வலிக்கிறது?

முதுகெலும்பு என்பது ஒரே எலும்பு அல்ல. 33 சிறு எலும்புகள் அடுக்கி வைத்த அடுக்கு அது. கழுத்தில் 7. மார்புக்குப் பின்னால் 12. இடுப்பில் 5. அதற்குக் கீழே உள்ள 9 எலும்புகள் வளர்ந்த பிறகு ஒட்டிப் போய்விடும். மேலே உள்ள எலும்புகளுக்கு நடுவே மெத்தை போன்ற தட்டுகள் இருக்கின்றன. இந்த அடுக்கு சாயாமல் பிடித்துக்கொள்பவை தசைகள்.

தினமும் செய்யும் வேலைக்கு இந்தத் தசைகள் பழகி இருக்கும். ஒரு மாத வேலையை ஒரே வாரத்தில் கொடுத்தால் என்ன ஆகும்? தசை களைத்துப் போகும். பிடித்துக்கொள்ளும்.

கவலையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். "போனஸ் வருமா? கடனை எப்படி அடைப்பது? மாப்பிள்ளைக்கு என்ன எடுப்பது?" இப்படி மனம் அலையும்போது கழுத்தும் தோளும் தாமாகவே இறுகும். தூக்கம் குறையும். தூக்கம் குறைந்தால் வலி இன்னும் அதிகமாகத் தெரியும்.

இது பெண்களுக்கு மட்டும் வரும் தொல்லை அல்ல. சேலத்தில் வெள்ளிக் கொலுசு செய்கிறவர்கள் குனிந்தபடியே நாளெல்லாம் வேலை செய்கிறார்கள். தறி ஓட்டுகிறவர்களுக்கும் ஓய்வு கிடையாது. பண்டிகை ஆர்டர் வந்துவிட்டால் இரவும் பகல்தான்.

உலகம் முழுவதும் இதே கதை. 2020-ம் ஆண்டில் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இடுப்பு வலி இருந்தது என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அதாவது 13 பேரில் ஒருவர்!

மிதித்தால் போகுமா?

இடுப்புப் பிடித்துக்கொண்டால் நம் ஊரில் என்ன செய்வார்கள்? கால் முன்னால் வரப் பிறந்தவரைத் தேடிப் பிடித்து முதுகில் மிதிக்கச் சொல்வார்கள். உலக்கையை உருட்டுவார்கள். கழுத்துப் பிடித்தால், முடி வெட்டும் இடத்தில் 'சொடக்கு' எடுத்துக்கொள்வார்கள்.

எலும்பைத் திருப்பிச் சரி செய்யும் வைத்தியம் வெளிநாட்டிலும் உண்டு. அதற்கு 'கைரோபிராக்டிக்' என்று பெயர். 1895-ம் ஆண்டு அமெரிக்காவில், டேவன்போர்ட் என்ற ஊரில், டேனியல் டேவிட் பால்மர் என்பவர் இதைத் தொடங்கினார். பெரும்பாலான வியாதிகளுக்கு மூலம் முதுகெலும்புதான் என்றார் அவர். இன்றைய மருத்துவம் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

ஆனால் முதுகு வலி விஷயத்தில் இந்தக் கை வைத்தியத்தை அடியோடு தள்ளிவிடவும் இல்லை. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் இடுப்பு வலிக்கு என்ன செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. உடற்பயிற்சி, மன ஆறுதல் தரும் சிகிச்சை, மசாஜ் ஆகியவற்றோடு, முதுகெலும்பைக் கையால் அசைத்துச் செய்யும் சிகிச்சையும் அதில் இடம் பெற்றது. இடுப்பு பெல்ட்டை வழக்கமாகக் கட்ட வேண்டாம் என்றும் அது சொல்கிறது.

கவனியுங்கள்! முறையாகப் படித்தவர் கையால் செய்யும் சிகிச்சையைத்தான் சொல்கிறார்கள். கைரோபிராக்டிக் முழுப் படிப்புக்குக் குறைந்தது 4,200 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்று 2005-லேயே உலக சுகாதார நிறுவனம் எழுதி வைத்தது. செல்போனில் வீடியோ பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுத் தம்பி செய்யும் வேலை அல்ல இது.

கழுத்தை வெடுக்கென்று திருப்புவது ஆபத்து. அபூர்வமாக, மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தது உண்டு. எலும்பு மெலிந்த வயதானவர்கள் முதுகில் ஏறி மிதிப்பதும் கூடாது. எலும்பு நொறுங்கிவிடும்.

எப்போது டாக்டர்?

சாதாரணப் பிடிப்பு பெரும்பாலும் சில வாரங்களில் தானே குறையும். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். படுத்தே கிடக்க வேண்டாம். முடிந்த அளவு நடமாடுங்கள். வலி தொடர்ந்தால் டாக்டரைப் பாருங்கள். அவர் சொன்னால் இயன்முறை மருத்துவரிடம் பயிற்சி கற்றுக்கொள்ளலாம். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு வீட்டிலேயே இந்தப் பயிற்சி தர ஏற்பாடு செய்யப்பட்டது.

ஆனால் காத்திருக்கக் கூடாத வலிகளும் உண்டு. கால் மரத்துப் போகிறதா? கால் பலம் குறைகிறதா? சிறுநீர், மலம் அடக்க முடியவில்லையா? காய்ச்சலோடு முதுகு வலியா? உடம்பு காரணம் இல்லாமல் இளைக்கிறதா? கீழே விழுந்த பிறகு வந்த வலியா? உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பண்டிகை முடியட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள்.

மாதத் தவணை

தீபாவளிச் செலவுக்கு என்ன செய்கிறோம்? சீட்டுப் போடுகிறோம். மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுகிறோம். ஒரே நாளில் பெரிய தொகை புரட்ட முடியாது என்று நமக்குத் தெரியும்.

பணத்துக்குத் தெரிந்த கணக்கு உடம்புக்குத் தெரிய வேண்டாமா? வேலையையும் தவணையாகக் கட்டுங்கள்!

ஒரு மாதத்துக்கு முன்பே தொடங்குங்கள். இந்த ஞாயிறு பரண். அடுத்த ஞாயிறு அலமாரி. அதற்கு அடுத்து ஜன்னல். ஒரே நாளில் வீடு முழுவதும் வேண்டாம்.

என்ன வேலை, யார் செய்வது என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அப்பா பெயர், மகன் பெயர், மகள் பெயர் எல்லாம் அதில் இருக்கட்டும். அம்மா பெயர் மட்டும் இருந்தால் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்!

ஒரு குடம் நிறையத் தூக்காமல், இரண்டு தடவையாக அரைக் குடம் தூக்குங்கள். முழங்காலை மடக்கி, பொருளை உடம்போடு அணைத்து எடுங்கள். நிமிரும்போது இடுப்பைத் திருப்பாதீர்கள்.

சமையல் எரிவாயு சிலிண்டரில் வாயு மட்டும் 14.2 கிலோ. இரும்போடு சேர்ந்தால் ஏறக்குறைய 30 கிலோ. அதையும் 25 கிலோ அரிசிச் சிப்பத்தையும் தனியாகத் தூக்க வேண்டாம். இரண்டு பேர் பிடியுங்கள்.

முறுக்குப் பிழிய மேஜையும் நாற்காலியும் போட்டுக்கொள்ளுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நடங்கள். அடுப்பு முன்னால் வெகு நேரம் நின்றால், ஒரு காலை மணைப் பலகை மேல் வையுங்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கால் மாற்றுங்கள்.

தினமும் அரை மணி நேரம் நடந்தால் முதுகுக்கும் நல்லது, மனத்துக்கும் நல்லது. பலகாரம் பாதி ராத்திரி வரை சுட வேண்டாம். இரண்டு வகை குறைந்தால் தீபாவளி குறைந்துவிடாது. தூக்கம் குறைந்தால் உடம்பு குறையும்.

மறுநாள் ஏற்காடு போகிறீர்களா? அஸ்தம்பட்டி வழியாக மலை ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள்! வண்டி ஓட்டுகிறவர் பின் பையில் இருக்கும் பர்ஸை எடுத்துவிட்டு உட்காரட்டும். நடுவில் நிறுத்தி இறங்கி நடக்கட்டும்.

சீட்டுக் கட்டியவர்களுக்குத் தீபாவளி அன்று கடன் இல்லை. வேலையைப் பங்கு போட்டுக்கொண்ட வீட்டில் வலியும் குறையும்.

இந்தத் தடவை அம்மாவும் புதுச் சேலை கட்டிக்கொண்டு, நிமிர்ந்து நின்று மத்தாப்புக் கொளுத்தட்டும்!