பனிவண்டியின் பின்தாங்கமைப்பு

வில்லை இளக்கிவிட்டால் வண்டி மெத்தென்று ஓடும் என்பது பலருடைய எண்ணம். துவிச்சக்கரவண்டியின் இருக்கைக்கு இது ஓரளவு பொருந்தலாம். பனிவண்டிக்குப் பொருந்தாது, பொருந்தாததோடு நில்லாமல் ஏறியிருப்பவனின் முதுகெலும்புக்கும் கேடு விளைக்கும். சுகமான ஓட்டம் என்பது வில்லின் மென்மையன்று, அளவு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழாசிரியன் ஒருவனுக்குப் பனிவண்டியோடு என்ன தொடர்பு என வினவுவோர் இருப்பர். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வாழும் எம் பழைய மாணவர் ஒருவர், அறுபது வயதைக் கடந்தவர், தாம் வாங்கிய பனிவண்டியின் பின்தாங்கமைப்பைச் சீராக்கிய வரலாற்றைச் சில மடல்களில் விரிவாக எழுதியிருந்தார். அதன் உறுப்புக்களுக்குத் தமிழிலே பெயர் சொல்லித் தருமாறும் கேட்டிருந்தார். ஒரு பொருளுக்குப் பெயர் வைப்பதாயின் அதன் தொழிலை முதலில் அறிதல் வேண்டும். பௌதிகவியல் கற்பிக்கும் நண்பரோடு பல மாலைப்பொழுதுகள் இருந்து அறிந்தவற்றையே ஈண்டு எழுதுகின்றேன்.

பனிவண்டிக்கு முன்புறத்தே இரண்டு சறுக்குக் கட்டைகள் உள. அவை திசை திருப்புதற்கானவை. பின்புறத்தே சில்லுக்குப் பதிலாக இறப்பராலாய அகன்ற பட்டையொன்று முடிவின்றிச் சுழன்று பனியைப் பின்னோக்கித் தள்ளும். பனிப்பாதைகளில் ஓடும் வண்டிகளிற் பெரும்பாலும் இப்பட்டை 15 அங்குல அகலமும், சுற்றளவில் 120 முதல் 137 அங்குலம் வரையுமாக இருக்கும். பட்டையின் உள்ளே இரண்டு அலுமினியச் சட்டங்கள் சமாந்தரமாகக் கிடக்கின்றன. அவற்றின் கீழ்விளிம்பிற் பொருத்திய வழுவழுப்பான பிளாஸ்ரிக் கீற்றின்மீதே பட்டை வழுக்கிச் செல்கின்றது. இவ்விடத்து எண்ணெய் பூசுவோர் எவருமிலர். இடையே புகும் பனியே எண்ணெயாகவும் குளிரூட்டியாகவும் தொழில் செய்கின்றது. இச்சட்டங்களை முன்கை, பின்கை எனும் இரு புயங்கள் வண்டியின் உடலோடு இணைக்கின்றன. ஒவ்வொரு கையையும் வில்லும் அதிர்ச்சியுறிஞ்சியும் தாங்குகின்றன. கராச்சுக்காரர் சொக்கப்சோபர் என்று சொல்லும் அதே பொருள்தான் அதிர்ச்சியுறிஞ்சி. இவை யாவும் சேர்ந்ததே பின்தாங்கமைப்பு.

இவ்வண்டியின் பிறப்பிலே ஒரு துயரம் உண்டு. கியூபெக் மாகாணத்து வல்கூர் என்னும் ஊரிற் பிறந்த யோசப் அர்மண்ட் பொம்பார்டியே (1907–1964) இளமையிலேயே பனிமேல் ஓடும் வண்டி செய்ய முயன்றவர். 1934 ஆம் ஆண்டின் பனிக்காலத்தில் அவருடைய இரண்டு வயது மைந்தன் குடல்வால் அழற்சியால் வருந்தினான். பாதைகள் பனியால் மூடுண்டு கிடந்தமையால் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல இயலவில்லை, பிள்ளை இறந்தது. 1937 இல் பற்சில்லும் பட்டையும் சேர்ந்த தம் செலுத்தும் முறைக்கு அவர் ஆக்கவுரிமை பெற்றார். அவர் முதலிற் செய்தவை பலர் ஏறிச்செல்லும் பெரிய வண்டிகள். ஓரிருவர் ஏறும் சிறிய வண்டி ‘ஸ்கீடூ’ என்னும் பெயரோடு 1959 இல் வெளிவந்தது. அக்காலத்து வண்டிகளிற் பட்டையைச் சிறுசிறு சில்லுகளே தாங்கின. அச்சில்லுகளின் வில்கள் சில அங்குலமே அசைந்தன. ஆதலால் மேடுபள்ளத்தின் அடியெல்லாம் ஏறியிருப்பவனையே சேர்ந்தது. மேலே சொன்ன வழுக்குச்சட்ட முறை 1960களின் பிற்பகுதியிலிருந்தே பரவலாயிற்று. இக்கால வண்டிகளின் பின்தாங்கமைப்பு 13 முதல் 16 அங்குலம் வரை அசைய வல்லது.

வண்டியோடு வரும் தாங்கமைப்பைக் கழற்றிவிட்டு வேறொருவர் செய்த தொகுதியைத் தனியே வாங்கிப் பூட்டும் வழக்கமும் உண்டு. அமெரிக்காவின் மினசோற்றா மாநிலத்து எவலெத் என்னும் ஊரில் இருந்த நிறுவனமொன்றில் ஜெராட் கார்பிக் என்பார் வடிவமைத்த ‘எம்-10’ எனும் தொகுதி 1990களில் இவ்வகையிற் பெயர் பெற்றது. இத்தகைய தொகுதியை வாங்குவோன் இரண்டை மறத்தலாகாது. ஒன்று, அதனைப் பூட்டும் துளைகள் செலுத்தும் அச்சிலிருந்து குறித்த தூரத்தில் அளந்து இடப்பட வேண்டும். அளவு தவறினால் புயங்களின் கோணம் மாறி மற்றைச் சீராக்கமெல்லாம் வீணாகும். மற்றையது, அதிலுள்ள வில் யாரோ ஒருவரின் நிறைக்கு ஏற்றது. அந்த ஒருவர் நாமாக இருக்கவேண்டும் என்பதில்லை.

இனி அடிப்படைக்கு வருவோம். நம் மைதானத்திலே துடுப்பாட்டம் ஆடியோர் யாவரும் அறிந்த ஒன்றுண்டு. உயரத்திலிருந்து விழும் பந்தைப் பிடிப்பவன் பந்து கையைத் தொட்டதும் கையைப் பின்னிழுத்துக் கொள்வான். கையை விறைப்பாக நீட்டிப் பிடிப்பவனுக்கு உள்ளங்கை எரியும். பந்தும் தெறித்துப் போகும். கையை முன்னரே மார்போடு ஒட்ட வைத்துக்கொண்டு பிடிப்பவனுக்கோ இழுக்க இடமில்லை. பந்து நெஞ்சில் இடிக்கும். வேகத்தை எவ்வளவு நீண்ட தூரத்தில் தணிக்கின்றோமோ அவ்வளவுக்கு விசை குறையும் என்பதே இதன் பௌதிகம்.

வில் மிகக் கடினமாயின் அது நீட்டிய கை. 14 அங்குலம் அசையக்கூடிய தாங்கமைப்பில் 3 அங்குலமே அசையும். எஞ்சிய 11 அங்குலமும் பணம் கொடுத்து வாங்கிப் பயன்படுத்தாத பொருள். வில் மிக மெலிதாயின் அது மார்போடு ஒட்டிய கை. ஏறியிருந்த மாத்திரத்தே பாதித்தூரம் அமிழ்ந்துவிடும். பெரிய மேடொன்று வந்தால் எஞ்சிய தூரம் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்து, உலோகம் உலோகத்தோடு மோதும். அந்த அடி இருக்கை வழியாக நேரே முதுகெலும்பை அடையும். இவ்வாறான அடிகளால் இடுப்புப்பகுதி முள்ளந்தண்டென்புகள் நசுங்கிய பனிவண்டிக்காரரைப் பற்றி வட அமெரிக்க மருத்துவர் எழுதியுள்ளனர். ஆகவே இது சொகுசைப் பற்றிய பேச்சு மாத்திரமன்று.

எவ்வளவு அமிழ்வதே சரி? பனிப்பாதையில் ஓட்டுவோனுக்கு வண்டிக்காரர் கொள்ளும் பொதுவிதி, மொத்த அசைவின் காற்பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை என்பது. 14 அங்குல அசைவாயின் ஏறத்தாழ 4 அங்குலம். இதனை அளப்பதற்கு ஓர் அளவுநாடாவும் உதவிக்கு ஒருவரும் போதும். பின்தடுப்பைப் பிடித்து, தாங்கமைப்பு முற்றாக விரியும்வரை வண்டியை உயர்த்தி, நிலத்திலிருந்து தடுப்புவரை அளக்க வேண்டும். பின்னர் ஓட்டுபவர் தலைக்கவசம், காலணி, குளிரங்கி யாவும் அணிந்தபடி ஏறி, இரண்டு மூன்று முறை எழுந்து அமர்ந்தபின் மீண்டும் அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே அமிழ்வு. உடுப்பின்றி நிறுத்த நிறையைக் கொண்டு கணக்கிடுவோர் ஏழெட்டுக் கிலோகிராமைத் தவறவிடுகின்றனர்.

எம் பழைய மாணவர் உடுப்போடு 70 கிலோகிராம் இருப்பார். அவருக்கு வண்டியை விற்றவரோ 110 கிலோகிராமுக்குக் குறையாதவர். வண்டி தனித்தாங்கமைப்புப் பூட்டப்பட்டது. விலையும் சற்று அதிகம். முதற் பனிக்காலத்திலேயே முதுகுவலி வந்துவிட, வண்டியை விற்றுவிடும்படி இல்லத்தாள் வற்புறுத்தினார். அமிழ்வை அளந்து பார்த்தபோது ஒன்றரை அங்குலமே இருந்தது. வில்லின் முன்னிறுக்கத்தை முழுதும் தளர்த்தியும் இரண்டேகால் அங்குலத்துக்கு மேல் அமிழவில்லை.

முன்னிறுக்கம் என்பதைப் பலரும் தவறாகவே விளங்கிக் கொள்கின்றனர். வில்லைப் பூட்டும்போதே சிறிது அமுக்கி வைப்பது முன்னிறுக்கம். அதனைக் கூட்டுவதாலோ குறைப்பதாலோ வில் தன் கடினத்தில் மாறுவதில்லை. அது தொடங்கும் இடமே மாறுகின்றது. ஓர் அங்குலம் அமுக்குதற்கு 100 இறாத்தல் கேட்கும் வில், முன்னிறுக்கத்தை எப்படித் திருகினாலும் அடுத்த அங்குலத்துக்கும் 100 இறாத்தலே கேட்கும். ஊக்கின் விதியைக் கற்ற மாணவர் இதனை எளிதில் உணர்வர். கடினத்தை மாற்ற விரும்புபவன் வில்லையே மாற்றுதல் வேண்டும். அவரும் தம் நிறைக்கேற்ற மெல்லிய வில்லை வாங்கிப் பூட்டினார். அமிழ்வு 4 அங்குலமாயிற்று.

ஆயினும் முதுகுவலி நீங்கவில்லை. முதல் மேட்டிலும் இரண்டாம் மேட்டிலும் வண்டி இனிதாகச் சென்றது. நான்காம் ஐந்தாம் மேட்டிலே பழைய இடி மீண்டும் வந்தது. வில் மெலிந்துவிட்டது போலும் என்று கருதிய அவர் முன்னிறுக்கத்தைக் கூட்ட முனைந்தார். அவ்வேளையிலேதான் அவருடைய மடல் எமக்குக் கிடைத்தது. அதனைப் படித்த நண்பர் சற்றுநேரம் மௌனமாயிருந்து, குற்றம் வில்லிலன்று, மீளுகையிலே என்றார்.

அமுக்கிய வில் தான் வாங்கிய சக்தியைத் திருப்பித் தந்தே தீரும். தடுப்பாரில்லையாயின் ஏறியிருப்பவனைத் தூக்கி எறியும். அச்சக்தியை விழுங்குவதே அதிர்ச்சியுறிஞ்சியின் தொழில். அதனுள்ளே எண்ணெய் நிறைந்த உருளையில் ஆடுதண்டு ஒன்று அசைகின்றது. சிறு துவாரங்கள் வழியே எண்ணெய் நெருக்குண்டு செல்லும்போது இயக்கம் வெப்பமாகின்றது. அமுங்கும்போதுள்ள தணிப்பு ஒன்று, விரியும்போதுள்ள தணிப்பு வேறொன்று. நல்ல உறிஞ்சிகளில் இரண்டையும் வெவ்வேறு திருகுகளால் மாற்றலாம். பழைய உரிமையாளர் தம் கடின வில்லை அடக்குவதற்காக விரிதற்றணிப்பைக் கூட்டி வைத்திருந்தார். மெல்லிய வில்லுக்கு அத்தணிப்பு மிகையாயிற்று. ஒரு மேட்டில் அமுங்கிய தாங்கமைப்பு அடுத்த மேடு வருமுன் முழுதும் விரியவில்லை. ஒவ்வொரு மேட்டிலும் சிறிது சிறிதாகத் தாழ்ந்து, ஐந்தாம் மேட்டை அடையும்போது அசைவதற்கு இடமேயில்லை. மென்மையான வில் கடினமான வில்லைப் போல இடித்ததன் காரணம் இதுவே. விரிதற்றிருகை ஒவ்வொரு சொடுக்காகத் தளர்த்தும்படி எழுதினோம். மூன்றாம் சொடுக்கில் இடி நின்றது. நான்காம் சொடுக்கில் வண்டி துள்ளத் தொடங்கவே மீண்டும் மூன்றுக்கு வந்தார். வண்டி இன்றும் அவரிடமே இருக்கின்றது.

ஒரே நாளில் நான்கு திருகுகளைத் திருப்புவோன் எது நன்மை செய்தது என்றறியான். ஒன்றை மாற்றி, அதே பாதையில் அதே வேகத்தில் ஓடி, குறிப்பேட்டில் எழுதிய பின்னரே அடுத்ததைத் தொடுதல் முறை. உறிஞ்சியின் எண்ணெய் கடுங்குளிரிற் பாகுத்தன்மை மிகுந்து நிற்கும் என்பதனையும் நினைவிற் கொள்ள வேண்டும். புறப்பட்ட முதற் சில கிலோமீற்றர் எந்த வண்டியும் விறைப்பாகவே ஓடும். அதனைக் கொண்டு தீர்ப்புச் சொல்லலாகாது. பல காலம் மாற்றப்படாத பழைய எண்ணெயோடு எத்திருகைத் திருகினும் பயன் சிறிதே.

முன்கையைப் பற்றிச் சில சொற்கள். முன்கை எவ்வளவு கீழிறங்கலாம் என்பதை ஒரு வார் கட்டுப்படுத்துகின்றது. அவ்வாரைக் குறுக்கினால் பட்டையின் முன்பகுதி மேலே இழுக்கப்பட்டுச் சறுக்குக் கட்டைகளின்மீது பாரம் கூடும். வளைவிலே வண்டி சொற்கேட்கும், ஆனாற் கைகள் களைக்கும். நீட்டினால் திருப்புவது இலகு; வளைவில் வண்டி நேரே ஓட எத்தனிக்கும். சுகத்தை நாடி வாரை மிக நீட்டியோர் வளைவிலே மரங்களை நாடிச் சென்றதுண்டு. பின்பகுதி மிகத் தாழ்ந்த வண்டியிலும் இதே தீங்கு தோன்றுமாதலால், பின் அமிழ்வைச் சரிசெய்த பின்னரே வாரைத் தொடுதல் நன்று.

இவ்வளவும் செய்தபின் சோதித்துப் பார்க்கும் நேரமும் முக்கியமானது. ஒன்ராறியோவிலே பனிவண்டிக் கழகங்களின் தொண்டர்கள் பாதைகளைப் பராமரிக்கின்றனர். பெரிய இழுவை யந்திரங்கள் பெரும்பாலும் இரவிலே சென்று மேடுகளைச் சீவிப் பள்ளங்களை நிரப்பிப் பனியை அழுத்துகின்றன; இரவுக் குளிரில் அது இறுகுகின்றது. காலையிற் புறப்படுவோனுக்குப் பாதை மேசைபோல இருக்கும். நூற்றுக்கணக்கான வண்டிகள் ஓடிய பின், பிற்பகலில், அதே பாதை நம்மூர்க் கிரவல் வீதிபோல் வரிவரியாக மேடிட்டுக் கிடக்கும். காலைப் பாதையில் எல்லா வண்டியும் நல்ல வண்டியே. சீராக்கிய தாங்கமைப்பைப் பிற்பகல் மூன்று மணிக்குப் பின்னரே சோதிப்பது தம் வழக்கம் என எம் பழைய மாணவர் எழுதியிருக்கின்றார்.