ஓடும் கொள்கலனின் எண்ணைப் படமெடுக்க முடியுமா?

கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் துறைமுகம் செல்லும் கிளைப் பாதையில் பயணிகள் ரயில்களோடு கொள்கலன் ரயில்களும் ஓடுகின்றன. அவற்றைக் கைப்பேசியில் படமெடுத்திருக்கிறீர்களா? பெட்டியின் நிறம் நன்றாக விழும். எழுத்து மட்டும் கரைந்திருக்கும்.

ஒரு கணக்குப் போடுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ரயில் ஒரு வினாடியில் 16.7 மீட்டர் நகரும். ஷட்டர் 1/100 வினாடி திறந்திருந்தால் நகர்வு 17 சென்டிமீட்டர். கொள்கலன் எண்ணின் எழுத்துகளோ சுமார் 10 சென்டிமீட்டர் உயரம்தான். பிறகு எப்படித் தெரியும்? ஷட்டரை 1/1000 வினாடிக்கு மாற்றினால் நகர்வு 2 சென்டிமீட்டருக்கும் குறைவு. ஆனால் உள்ளே வரும் ஒளியும் பத்தில் ஒரு பங்காகிவிடும். நல்ல வெயில் வேண்டும். மேகமூட்டமா? ரயிலோடு சேர்த்துக் கேமராவைத் திருப்புங்கள். பின்னணி மங்கும், பெட்டி தெளியும்.

தண்டவாளத்தை நெருங்குவதால் பயனில்லை. எழுத்து பெரிதாகும்; மங்கலும் அதே அளவு பெரிதாகும். மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம். தொடாவிட்டாலும், மிக அருகில் போனாலே அது தாவும். எனவே வேலிக்கு வெளியேதான் நிற்க வேண்டும். மேம்பாலத்திலிருந்து செல்ஃபி கோலை நீட்டவே கூடாது.

படம் தெளிவாக விழுந்தால் 4 எழுத்துகளும் 7 இலக்கங்களும் தெரியும். கடைசி இலக்கம், முன்னுள்ளவை சரியாகப் பதிவாகியுள்ளனவா என்று கணக்கிட்டுச் சோதிப்பதற்கானது.