அப்பா தண்ணி மாறின காலம்

எங்கள் மகளுக்கு 13 வயது. செவ்வாய் நீச்சல், புதன் வயலின், வியாழன் கணித ரியூசன், சனி தமிழ்ப் பள்ளி. "எனக்கு நேரமே இல்லை" என்று போன கிழமை அழுதாள். பக்கத்தில் இருந்த என் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. இரவுதான் கதை வந்தது.

1973, உரும்பிராய். அப்பாவுக்கு 15 வயது. விடிய ஐந்து மணிக்கு அப்பப்பா கிணற்றடியில் மெசினை ஸ்டார்ட் பண்ணுவார். அப்பா மண்வெட்டியோடு வாய்க்காலில் நின்று பாத்தி பாத்தியாகத் தண்ணி மாறுவார். ஒன்று நிரம்பினதும் அதை அடைத்து அடுத்ததைத் திறக்க வேண்டும். கொஞ்சம் கண் அயர்ந்தால் வரம்பு உடைந்துவிடும். செம்மண் காலைக் கழுவிக்கொண்டு பள்ளிக்கு ஓட்டம். பின்னேரம் வெங்காயத்துக்குள் புல்லுப் பிடுங்கல். படிப்பு விளக்கு வெளிச்சத்தில்.

அப்போது மிளகாய், வெங்காய இறக்குமதிக்கு அரசாங்கம் கட்டுப்பாடு போட்டிருந்ததால் யாழ்ப்பாணத் தோட்டக்காரருக்கு நல்ல விலை. அதே காலத்தில்தான் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தலும் வந்தது. அப்பாவுக்குப் பொறியியல் சில புள்ளிகளால் தவறியது. 1977இல் ஆட்சி மாறி இறக்குமதி திறக்க, வெங்காய விலையும் விழுந்தது. நான் மென்பொருள் எழுதுவது அவருக்கு ஏன் இவ்வளவு பெருமை என்று இப்போதுதான் விளங்கியது. மகளின் அட்டவணையை நிரப்பியது யாருடைய ஆசை என்பதும்தான்.

"தாத்தா, அப்ப நீங்கள் எப்ப விளையாடினீங்கள்?"

"தண்ணி மாறேக்கதான், பிள்ளை."

இந்தத் தவணை வியாழன் ரியூசனுக்குக் காசு கட்டவில்லை.