சீத்தா மரத்தில் வண்டுவழி மகரந்தச் சேர்க்கை

வண்டுகள் மூலம் மகரந்தம் மலருக்கு மலர் கடத்தப்படுவது வண்டுவழி மகரந்தச் சேர்க்கை எனப்படும். சாத்தூர், அருப்புக்கோட்டை போன்ற வறண்ட பகுதிகளுக்கு ஏற்ற சீத்தா மரம் இதற்கு எடுத்துக்காட்டாகும். அருப்புக்கோட்டை மண்டல ஆராய்ச்சி நிலையம் ஏபிகே 1 என்னும் சீத்தா இரகத்தை உருவாக்கியுள்ளது.

சீத்தா மலர் இருபால் மலர். ஆயினும் சூல்முடி முதலில் முதிர்கிறது. மகரந்தம் பின்னரே வெளிப்படுகிறது. எனவே தன்மகரந்தச் சேர்க்கை அரிது. தடித்த இதழ்கள் சற்றே விரியும்போது, பழம் போன்ற மணத்தால் ஈர்க்கப்படும் நிட்டிடுலிடே குடும்பச் சிறு வண்டுகள் உள்ளே புகுகின்றன. பின்னர் மகரந்தம் படிந்த உடலுடன் வெளியேறி, பெண் நிலையிலுள்ள வேறொரு மலரை அடைகின்றன.

சீத்தாப்பழத்தின் ஒவ்வொரு கண்ணும் ஒரு தனிச் சூலகத்திலிருந்து வளர்கிறது. சேர்க்கை முழுமையாக நடைபெறாவிட்டால் பழம் கோணலாகும். பூக்கும் பருவத்தில் பூச்சிக்கொல்லி தெளித்தால் இவ்வண்டுகள் மடிந்து காய்ப்பு குறையும். அப்போது தூரிகை கொண்டு கையால் மகரந்தம் இடவேண்டியிருக்கும்.