வேலை வாசலில் நிற்கிறது, சான்றிதழ் கையில் இருக்கிறதா? – செனாய் வட்டாரக் கட்டுமானத் துறையில் ஆள் பற்றாக்குறை

செனாயிலிருந்து கூலாய் வழியாகச் செடெனாக் வரை, ரப்பரும் செம்பனையும் நின்ற நிலங்களில் இன்று கிரேன்கள் நிற்கின்றன. கூலாயில் ஒய்.டி.எல். நிறுவனத்தின் தரவு மையப் பூங்கா எழும் 664 ஹெக்டர் நிலம், முன்பு கூலாய் யங் தோட்டம். 2025 ஜனவரியில் கையெழுத்தான ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தத்தில் செனாய்–ஸ்கூடாய், செடெனாக் இரண்டும் முதன்மை வட்டாரங்களாக இடம்பெற்றுள்ளன. முதல் 5 ஆண்டுகளில் 50 திட்டங்கள், 20,000 திறன்சார் வேலைகள் என்பது இரு அரசாங்கங்களின் இலக்கு.

ஆனால், "வேலை இருக்கிறது, ஆள் இல்லை" என்பதே குத்தகையாளர்களின் புலம்பல். "ஆள் இருக்கிறோம், கூப்பிடுவார் இல்லை" என்பது தோட்டப்புறத்திலிருந்து பட்டணத்துக்கு வந்த நம் குடும்பங்களின் குறை. இரண்டும் உண்மைதான். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது சான்றிதழும், சம்பளமும், பாதுகாப்பும்.

ஆள் ஏன் கிடைக்கவில்லை?

நம் நாட்டின் கட்டுமானத் துறை நீண்ட காலமாக அந்நியத் தொழிலாளர்களை நம்பியே இயங்குகிறது. 2023 மார்ச் மாதத்தில் புதிய ஒதுக்கீட்டு விண்ணப்பங்களை அரசாங்கம் நிறுத்தி வைத்தது. ஏற்கெனவே அனுமதி பெற்றவர்கள் நாட்டுக்குள் வர 2024 மே 31 கடைசி நாளாக இருந்தது. நாட்டின் மொத்தத் தொழிலாளர்களில் அந்நியர் பங்கை 2030-க்குள் 10 விழுக்காட்டுக்கும், 2035-க்குள் 5 விழுக்காட்டுக்கும் குறைப்பது 13-ஆவது மலேசியத் திட்டத்தின் குறிக்கோள். ஆக, அந்தக் கதவு இனி முன்போல் அகலமாகத் திறந்திருக்காது.

மலிவு என்ற கணக்கும் மாறி வருகிறது. தீபகற்ப மலேசியாவில் கட்டுமானத் துறையின் ஓர் அந்நியத் தொழிலாளருக்கு ஆண்டு லெவி 1,850 ரிங்கிட். 2025 அக்டோபர் மாதச் சம்பளத்திலிருந்து அவர்களுக்கு ஊழியர் சேமநிதிச் சந்தாவும் கட்டாயமாகியுள்ளது. முதலாளி 2 விழுக்காடு, தொழிலாளி 2 விழுக்காடு செலுத்த வேண்டும்.

உள்ளூர் இளைஞர்களை இழுப்பது சிங்கப்பூர். குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. ஆனால் ஒரு சிங்கப்பூர் வெள்ளி மூன்று ரிங்கிட்டுக்கு மேல் போகும்போது, அதிகாலையில் எழுந்து பாலம் கடப்பவரைக் குறை சொல்ல முடியாது. உள்ளூர் சைட்டில் நாள் கூலி, சேமநிதி இல்லை, சொக்சோ இல்லை என்ற நிலை நீடிக்கும் வரை ஆள் பற்றாக்குறையும் நீடிக்கும்.

எந்த வேலைக்கு ஆள் தேவை?

தரவு மையம் என்றால் கணினி படித்தவர்களுக்கு மட்டுமே வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அதன் கட்டடத்தில் பெரும்பகுதி வேலை மின்சாரமும் குளிரூட்டலும்தான். மின்கம்பி இழுப்பவர், குழாய் பொருத்துபவர், வெல்டிங் செய்பவர், குளிர்சாதனத் தொழில்நுட்பர் ஆகியோர் இல்லாமல் அது நகராது. வயர்மேன், சார்ஜ்மேன் தகுதிச் சான்றிதழ்களை எரிசக்தி ஆணையம் வழங்குகிறது. அந்தத் தாள் இல்லாதவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் உதவியாளர் சம்பளத்திலேயே நிற்பார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கட்டும்போது நூற்றுக்கணக்கானோர் தேவைப்படும் தரவு மையம், கட்டி முடிந்தபின் மிகச் சிலரைக் கொண்டே இயங்கும். பராமரிப்பு வேலைக்குப் பின்னர் எடுக்கப்படுபவர்களும் பெரும்பாலும் சான்றிதழ் உள்ளவர்களே. வாய்ப்பு இப்போதுதான்.

அனுபவம் உண்டு, தாள் இல்லையா?

கட்டுமானத் தளத்தில் நுழைய முதல் தேவை, கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சிஐடிபி வழங்கும் பச்சை அட்டை. ஒருநாள் பாதுகாப்புப் பயிற்சிக்குப் பின் அதைப் பெறலாம். அட்டை இல்லாமல் ஆளை உள்ளே விடுவது 1994-ஆம் ஆண்டு 520-ஆவது சட்டத்தின்படி குற்றம்.

அடுத்தது மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, பதினைந்து இருபது ஆண்டுகளாகக் கொத்து வேலையோ வயரிங்கோ செய்பவர் மீண்டும் வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. 'பெங்கிக்திராஃபான் பென்சாபாயான் தெர்டாஹுலு', சுருக்கமாக பி.பி.தி. என்ற முறை உண்டு. செய்த வேலைகளின் படங்கள், முதலாளியின் கடிதம், பணி ஆதாரங்கள் ஆகியவற்றைக் கோப்பாகத் தொகுத்துக் கொடுத்தால், மதிப்பீட்டாளர் சரிபார்த்தபின் திறன் மேம்பாட்டுத் துறை சான்றிதழ் வழங்கும். இதற்காகத்தான் ஒவ்வொரு சைட்டிலும் செய்த வேலையைக் கைப்பேசியில் படம் பிடித்துத் தேதியோடு வைத்திருக்க வேண்டும்.

எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகளுக்கு இரட்டைப் பயிற்சி முறையான எஸ்.எல்.டி.என். பொருந்தும். இதில் பெரும்பகுதிப் பயிற்சி வேலையிடத்திலேயே நடக்கும். மீதி பயிற்சி மையத்தில்.

கொன்ட்ரெக் ஓடிவிட்டால்?

துணைக் குத்தகைக்காரர் சம்பளம் தராமல் மறைவது இந்தத் துறையின் பழைய நோய். அப்போது எல்லாம் போயிற்று என்று கைகழுவி விடக் கூடாது. 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தின் 33-ஆவது பிரிவின்படி, மேலே இருக்கும் முதன்மைக் கட்டுமானக் குத்தகையாளரோ வீடமைப்பு மேம்பாட்டாளரோ அந்தச் சம்பளத்துக்குக் கூட்டாகப் பொறுப்பு. ஆனால் தொடர்ச்சியான மூன்று மாதச் சம்பளம் வரைதான் கோர முடியும். சம்பளம் கொடுக்க வேண்டிய நாளிலிருந்து 90 நாட்களுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். "அடுத்த மாதம் தருகிறேன்" என்ற வாக்கை நம்பி நாலைந்து மாதம் காத்திருப்பவர் இந்த உரிமையை இழக்கிறார். சைட்டின் அறிவிப்புப் பலகையில் உள்ள முதன்மைக் குத்தகையாளரின் பெயரை வேலையில் சேரும் நாளிலேயே குறித்துக்கொள்வது நல்லது.

சொந்தமாகக் கொத்து, பெயிண்ட், வயரிங் வேலை எடுப்பவர்களுக்கு முதலாளி இல்லை என்பதால் சொக்சோவும் இல்லை என்பது தவறான எண்ணம். 2017-ஆம் ஆண்டு 789-ஆவது சட்டத்தின் கீழ் சுயதொழில் செய்பவர்கள் தாங்களே பதிந்துகொள்ளலாம். 2020 முதல் கட்டுமானத் துறையும் இதில் அடங்கும். சாரத்திலிருந்து விழுந்து படுக்கையில் கிடக்கும் ஒருவரின் குடும்பத்துக்கு இந்தச் சிறு சந்தா பெரிய துணை.

உயிருக்கு மேல் வேலை இல்லை

உயரத்திலிருந்து விழுவதே கட்டுமான மரணங்களின் முக்கியக் காரணங்களில் ஒன்று. திருத்தப்பட்ட வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2024 ஜூன் 1-இல் நடப்புக்கு வந்தது. முதலாளிக்கான உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. ஐந்து பேருக்கு மேல் உள்ள இடங்களில் மட்டுமல்ல, சரியாக ஐந்து பேர் இருந்தாலே பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளரை நியமிக்க வேண்டும். உடனடி ஆபத்து இருப்பதைத் தெரிவித்தும் முதலாளி எதுவும் செய்யவில்லை என்றால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது.

குடியிருப்புக்கும் சட்டம் உண்டு. தோட்ட லயங்களுக்காகத் தொடங்கிய 446-ஆவது சட்டம், 2020 ஜூன் முதல் மற்றத் துறைகளுக்கும் விரிந்தது. தகரக் கொங்சியில் ஆட்களை அடைத்து வைப்பது இனி எந்த நாட்டுத் தொழிலாளிக்கும் பொருந்தாது. லயத்து வாழ்க்கையை அறிந்த சமுதாயத்துக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

குத்தகையாளர்களின் பங்கு

நம்மவர்களில் சிறு குத்தகையாளர்களும் உள்ளனர். ஆள் குறைவைச் சமாளிக்க ஒரு வழி ஐ.பி.எஸ். எனப்படும் தொழிற்சாலை வார்ப்பு முறை. சுவர், தூண், படிக்கட்டு ஆகியவற்றைத் தொழிற்சாலையில் வார்த்துத் தளத்தில் பொருத்தினால், பலகை அடிக்கவும் கலவை ஊற்றவும் தேவைப்படும் கைகள் குறையும். ஒரு கோடி ரிங்கிட்டுக்கு மேற்பட்ட அரசாங்கக் கட்டடத் திட்டங்களில் ஐ.பி.எஸ். மதிப்பெண் 70 என்பது 2008 முதல் விதி.

5 லட்சம் ரிங்கிட்டுக்கு மேற்பட்ட குத்தகைகளுக்கு 0.125 விழுக்காடு லெவி சிஐடிபிக்குச் செல்கிறது. தொழிலாளர் பயிற்சியும் அந்த வாரியத்தின் பணிதான். கட்டிய பணத்தின் பலனை, தம் ஆட்களைப் பயிற்சிக்கு அனுப்பித் திரும்பப் பெறாத குத்தகையாளர் இரட்டை நட்டம் அடைகிறார். பயிற்சி பெற்று, சேமநிதியும் சொக்சோவும் ஒழுங்காகக் கட்டப்படும் தொழிலாளி எளிதில் பாலம் கடந்து போக மாட்டார்.

ஆலயங்களும் இளைஞர் மன்றங்களும் இதற்குத் துணை நிற்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலய மண்டபத்தில் பச்சை அட்டை, பி.பி.தி., சுயதொழில் சொக்சோ ஆகிய மூன்றுக்கும் பதிவு நடத்த அதிகாரிகளை அழைத்தால், பல குடும்பங்களின் நிலை மாறும். தோட்டம் இருந்த மண்ணில் எழும் கட்டடங்களில், அந்தத் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் கைத்திறனுக்கு உரிய சம்பளம் பெற வேண்டும். அதற்கான முதல் படி, இந்த வாரமே பச்சை அட்டைக்கான பயிற்சிக்குப் பெயர் கொடுப்பது.