குளிர்ப்பாலையை அளந்த முன்ஷி

காரைக்கால் கடற்கரையில் இரவில் நின்று வடதிசை நோக்கினால், துருவ நட்சத்திரம் அடிவானத்திற்கு மேல் ஏறத்தாழ 11 பாகை உயரத்தில் தென்படும். நம் ஊரின் அட்சரேகையும் அதுவே. அரபு மாலுமிகள் முடிச்சிட்ட கயிறு கோத்த ‘கமால்’ என்னும் சிறு பலகையால் இக்கோணத்தை அளந்தே கடல் கடந்தனர். சோழமண்டலக் கரையில் அதனையொத்த கருவி ‘இராப்பலகை’ எனப்பட்டது. கடலோடிகளின் இக்கணக்கே, கடலறியாத ஓர் உயர்மலைப் பாலையை வரைபடத்தில் ஏற்றவும் துணைநின்றது.

1802இல் சென்னை பரங்கிமலையருகே வில்லியம் லாம்டன் தொடங்கிய முக்கோண அளவை, அறுபது ஆண்டுகளில் லடாக்கை எட்டியது. காரக்கோரம் கணவாய்க்கு அப்பாலிருந்த யார்க்கந்து அன்று சீன ஆட்சிக்குட்பட்டது. ஆங்கிலேய அதிகாரிகள் அங்குச் செல்ல இயலவில்லை. வணிகர்களோ தடையின்றிச் சென்று வந்தனர். இதனைக் கண்ட அளவை அதிகாரி மாண்ட்கோமரி, அப்துல் ஹமீத் என்னும் முன்ஷியைக் கருவிகளுடன் 1863இல் லே நகரிலிருந்து அனுப்பினார்.

மலைநாட்டில் கடலின் அடிவானம் இல்லை. எனவே கிடைமட்டமான பிரதிபலிப்புப் பரப்பொன்றைச் ‘செயற்கை அடிவானம்’ எனக் கொள்வர். விண்மீனுக்கும் அதன் பிம்பத்திற்கும் இடைப்பட்ட கோணத்தைப் பாதியாக்கினால் விண்மீனின் உயரம் கிடைக்கும். அதிலிருந்து அட்சரேகையைக் கணிக்கலாம். யார்க்கந்து 38 பாகையில் அமைந்தது இவ்வாறே அறியப்பட்டது. திசைமானியும் நடைக்கணக்கும் வழியின் போக்கைக் காட்டின. நிலத்தின் உயரத்தைக் காட்டியது கொதிநீர். மேலே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைவதால், ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு பாகை செல்சியசு வீதம் கொதிநிலை தாழும். 5,500 மீட்டரைக் கடந்த காரக்கோரம் கணவாயில் நீர் 82 பாகையளவிலேயே கொதித்துவிடும்.

யார்க்கந்தில் ஆறு மாதங்கள் தங்கி, குளிர்காலமெல்லாம் ஹமீத் இரகசியமாக அளந்தார். அதிகாரிகளுக்கு ஐயம் எழவே புறப்பட்டவர், 1864இல் லேயை அடையுமுன் வழியிலேயே இறந்தார். நச்சுத் தாவரத்தை உண்டதே காரணம் என்றனர். வேறு ஐயங்களும் எழுந்தன. ஆனால் அவருடைய குறிப்பேடுகள் மீட்கப்பட்டு மாண்ட்கோமரியிடம் சேர்ந்தன. அவற்றைக் கொண்டு அவர் எழுதிய கட்டுரை 1866இல் இலண்டனில் வெளியாயிற்று.

ஹமீதுக்குப்பின் இம்முறையில் திபெத்தை அளந்த நயின் சிங், 1877இல் இலண்டன் அரச புவியியல் கழகத்தின் பொற்பதக்கம் பெற்றார். முன்னோடியான ஹமீதின் பெயரை இன்று அறிந்தோர் சிலரே. பேரரசின் தேவைக்காகவே அவர் அனுப்பப்பட்டார் என்பது மெய். எனினும், தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதத்தை உயிர் பிரியும் வரை அவர் கைவிடவில்லை. வரைபடத்தின் ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னும், கடுங்குளிரில் நீரைக் கொதிக்கவைத்துக் காத்திருந்த ஒரு மனிதர் உண்டு. அவரை நினைவுகூர்வது நம் கடன்.