வகுப்பிடம் கேட்பதும் மாணவரிடம் கேட்பதும்

நமது தமிழ்ப் பள்ளியில் இருவகை வினாக்கள் எழுவதுண்டு. "உன் புள்ளி எத்தனை?" என்பதை ஒரு மாணவரிடமே கேட்க வேண்டும். "இவ்வகுப்பின் தேர்ச்சிப் புள்ளி எத்தனை?" என்பதற்கோ மாணவர் எவரும் வேண்டியதில்லை, ஒருவரும் சேருமுன்பே அதற்கு விடை உண்டு. கணினி நிரலாக்கத்திலும் இவ்வேறுபாடு உண்டு.

நோர்வே நாட்டு அறிஞர்களான டாலும் நைகார்டும் 1967இல் அறிமுகஞ் செய்த சிமுலா 67 மொழியிலேயே வகுப்பு, பொருள் என்னும் கருத்துக்கள் உருப்பெற்றன. கனடாவிற் பிறந்து கல்கரிப் பல்கலைக்கழகத்திற் பயின்ற ஜேம்ஸ் கொஸ்லிங் உருவாக்கிய ஜாவா மொழி 1995இல் வெளிப்பட்டது. அம்மொழியில், ஒரு குறித்த பொருளின் செயல் 'இன்ஸ்டன்ஸ்' முறை எனவும், வகுப்பிற்கே உரிய செயல் 'ஸ்டாட்டிக்' முறை எனவும் வழங்கும். இவற்றை நாம் பொருள்முறை, வகுப்புமுறை என்போம்.

'அம்மா' என்னும் சொல்லைக் கொண்டு இதனைச் சோதித்துப் பார்ப்போம். ஜாவாவில் சொல் ஒரு பொருள். அதனிடம் அதன் நீளத்தைக் கேட்பது 'லெங்த்' என்னும் பொருள்முறை. விடை ஐந்து என வரும்! அ, ம், மா என எழுத்து மூன்றுதானே? யூனிகோட் முறையில் அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து குறிகள் அடுக்கப்பட்டிருத்தலே காரணம். இவ்விடையை நம்பி எழுத்தெண்ணும் நிரல் எழுதினால், மூன்று எனச் சரியாக விடையளித்த பிள்ளைக்குப் பிழை போடப்படும்.

இங்கு வகுப்புமுறை உதவுகின்றது. ஜாவாவில் தனிக்குறி ஒரு பொருளன்று. ஆதலால் அதனிடமே வினவ இயலாது. 'கேரக்டர்' என்னும் வகுப்பிடம் குறியைக் கொடுத்து, "இஃது எழுத்தா?" என வினவ வேண்டும். அதுவே 'இஸ்லெட்டர்' என்னும் வகுப்புமுறை. அது புள்ளியையும் காலையும் எழுத்தல்ல என விலக்கும். எஞ்சுவன மூன்று. 'அஃது' என்பதிலுள்ள ஆய்தத்தையும் எழுத்தெனவே அது கொள்ளும். 'க்ஷ' என்பதை ஓரெழுத்தாகக் கொள்வோர்க்கு மட்டும் மேலும் ஒரு விதி வேண்டும்.

எதனை எங்கே வைப்பது? செயலின் விடை பொருளுக்குப் பொருள் மாறுபடுமாயின் அது பொருள்முறை. கொடுக்கப்பட்டதை மட்டும் கொண்டு விடை கூறுமாயின் அது வகுப்புமுறையாகலாம். மாணவரின் புள்ளியை வகுப்பிற்குரியதாக அறிவித்துவிட்டால், இறுதியில் பதிந்தவரின் புள்ளியே அனைவர்க்கும் காட்டப்படும். மாறாக, வகுப்புமுறைக்குள் நின்று, "எவருடைய புள்ளி?" எனச் சுட்டாது பொருள்முறையை அழைத்தால், ஜாவா அதனை ஏற்க மறுக்கும். நிரலைத் தொடக்கும் 'மெயின்' வகுப்புமுறையாக நெடுங்காலம் இருந்ததன் காரணமும் இதுவே: தொடங்கும்போது எப்பொருளும் பிறந்திருப்பதில்லை.

யூனியன்வில்லில் வாழும் நம் பிள்ளைகள் பலர் உயர்பள்ளியில் ஜாவாவைச் சந்திப்பர். அன்று தத்தம் பெயரைத் தமிழில் எழுதி, இருமுறையாலும் எண்ணிப் பார்ப்பாராக. கணினி தவறுவதில்லை, யாரிடம் எதைக் கேட்பது என்பதிலேயே நாம் தவறுகின்றோம். அதனைத் திருத்துவதற்கு நிரலறிவோடு தமிழறிவும் வேண்டும்.